லித் பிரிண்ட் அதிர்ஷ்டம் அல்ல: வீட்டு இருட்டறையில் தொடங்குபவர்களுக்கு

இருட்டறையில் பிரிண்ட் போடுகிறவர்கள் கூடினால் லித் என்ற பிரிண்ட் முறை பற்றிய பேச்சு வராமல் இருக்காது. கூடவே பாதி உண்மைகளும் வரும். டோனர் என்ற நிறம் மாற்றும் கரைசலில் போட்டுப் பழுப்பாக்குவதுதான் லித் என்று ஒருவர் சொல்வார். அதற்கென்று தனி ஃபிலிம் வேண்டும் என்பார் இன்னொருவர். எல்லாவற்றையும்விட அடிக்கடி காதில் விழுவது, "அதெல்லாம் அதிர்ஷ்டம், வந்தால் வரும்" என்கிற பேச்சு. புதிதாகத் தொடங்க நினைப்பவருக்கு இதைவிடக் கெடுதலான அறிவுரை இல்லை. அதிர்ஷ்டம் என்று நம்பிவிட்டவர் காரணத்தைத் தேட மாட்டார். நாலு பேப்பர் வீணானதும் டிரேயைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவார்.

லித்தில் நடக்கிற எல்லா விநோதங்களுக்கும் அடியில் இருப்பது ஒரே ஒரு வேதிவினைதான். அது பிடிபட்டுவிட்டால் எந்தப் பிரிண்ட் ஏன் அப்படி வந்தது என்று நீங்களே சொல்லிவிடலாம். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

லித் பிரிண்ட் என்றால் எது?

சாதாரண கறுப்பு வெள்ளை நெகட்டிவ். நெகட்டிவைப் பேப்பரில் பெரிதாக விழவைக்கும் சாதாரண என்லார்ஜர். கடையில் வாங்கும் கறுப்பு வெள்ளை பிரிண்ட் பேப்பர், ஆனால் சில வகைகள் மட்டும். மாறுவது இரண்டு: பேப்பருக்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு வெளிச்சம் கொடுக்கிறோம், பிறகு படத்தை வெளிக்கொண்டுவரும் லித் டெவலப்பரில் நிறையத் தண்ணீர் கலந்து, அந்தக் கரைசலில் பேப்பரை மெதுவாக டெவலப் செய்கிறோம்.

இப்படிக் கிடைக்கும் படத்தில் முகம், வானம், சுவர் போன்ற வெளிச்சமான பகுதிகள் மென்மையாக, இளமஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். நிழல் பகுதிகள் நேர்மாறாக, கரகரப்பான கரிய கறுப்பாக நிற்கும். ஒரே தாளில் மென்மையும் முரட்டுத்தனமும் சேர்ந்திருப்பதுதான் லித்தின் அடையாளம். 1980களிலும் 90களிலும் டச்சுப் புகைப்படக்காரர் ஆண்டன் கோர்பைன் எடுத்த இசைக்கலைஞர்களின் உருவப்படங்கள் வழியாக இந்தத் தோற்றம் உலகெங்கும் கண்ணுக்குப் பழகியது. அந்த நிறம் மேலே பூசியது அல்ல. டோனர் எதுவும் இல்லை. டெவலப்பர் டிரேயிலேயே உண்டாகும் வெள்ளியின் நிறம் அது.

அச்சகத்துக்காகப் பிறந்த டெவலப்பர்

லித் டெவலப்பரைக் கண்டுபிடித்தவர்கள் கலைப்படம் போட நினைக்கவில்லை. ஆஃப்செட் அச்சில் சாம்பல் நிற மை கிடையாது. மை விழும், அல்லது விழாது. ஆகவே ஒரு புகைப்படத்தை அச்சிட வேண்டுமானால் அதைச் சிறு சிறு புள்ளிகளாக உடைக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் முழுக் கறுப்பாக, விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். இடைப்பட்ட சாம்பல் துளியும் கூடாது. அதற்கென்றே லித் ஃபிலிமும் லித் டெவலப்பரும் வந்தன. கணினியிலிருந்து நேராகப் பிளேட் எடுக்கும் காலம் வருவதற்கு முன்பு ஆஃப்செட் வேலை செய்தவர்களுக்கு, சிவகாசியில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும், அச்சுக்கான படங்களை ஃபிலிமில் எடுக்கும் பிராசஸ் கேமராவும் லித் ஃபிலிமும் அன்றாடப் பொருள்கள்.

இந்த டெவலப்பர் ஏன் இவ்வளவு கடுமையான கறுப்பைத் தருகிறது என்பதை ஜே. ஏ. சி. யூல் 1945இல் விளக்கி எழுதினார். அவர் விவரித்த அதே வினைதான் இன்று நம் டிரேயிலும் நடக்கிறது. அச்சகத்துக்காரர்கள் அதை அடர்த்தியாகப் பயன்படுத்திச் சாம்பலை ஒழித்தார்கள். நாம் தண்ணீர் விட்டு வேகத்தைக் குறைத்து, அது பாதி வழியில் இருக்கும்போதே நிறுத்துகிறோம். இவ்வளவுதான் வித்தியாசம்.

சருகுக் குவியல் பற்றிக்கொள்ளும் விதம்

வேதியியலுக்குப் போகும் முன் ஒரு சருகுக் குவியலை நினைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த சருகில் ஒரு மூலையில் நெருப்பு வைத்தால் முதலில் புகை மட்டும் வரும். வெகுநேரம் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். உள்ளே ஒரு சருகின் சூடு பக்கத்துச் சருகைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறது; அது பிடித்ததும் இரண்டின் சூடும் சேர்ந்து அடுத்த நாலைப் பிடிக்க வைக்கிறது. ஒரு கட்டத்தில் குவியல் முழுதும் சட்டென்று எழுந்துவிடும். அதே சருகு ஈரமாக இருந்தால் இது நடக்காது. ஒவ்வொரு இலையின் சூட்டையும் ஈரம் குடித்துவிடும். தீ வைத்த இடம் மட்டும் கருகி நிற்கும்.

சாதாரண பேப்பர் டெவலப்பர் ஈரச் சருகு. லித் டெவலப்பர் காய்ந்த சருகு. இனி அந்த ஈரம் எது என்று பார்க்கலாம்.

டிரேயில் நடப்பது

பிரிண்ட் பேப்பரின் பூச்சில் சில்வர் ஹாலைடு என்ற வெள்ளி உப்பு மணிகள் இருக்கின்றன. வெளிச்சம் பட்ட மணியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தடம் விழுகிறது. டெவலப்பர் அந்தத் தடத்தை வைத்து மணியை உலோக வெள்ளியாக மாற்றுகிறது. அந்த வெள்ளிதான் நாம் பார்க்கும் படம்.

லித் டெவலப்பரில் இந்த வேலையைச் செய்யும் வேதிப்பொருள் ஹைட்ரோகுவினோன் ஒன்று மட்டுமே. அது ஒரு மணியை வெள்ளியாக்கும்போது தானும் மாறி, செமிகுவினோன் என்ற இடைநிலைப் பொருளாகிறது. இந்தச் செமிகுவினோன் ஹைட்ரோகுவினோனைவிட வீரியமான டெவலப்பர். விஷயமே இதில்தான் இருக்கிறது: வேலை நடந்த இடத்தில், முன்பைவிட வேகமாக வேலை செய்யும் பொருள் உண்டாகிறது.

சாதாரண டெவலப்பரில் சோடியம் சல்ஃபைட் தாராளமாக இருக்கும். உண்டாகும் செமிகுவினோனை அது உடனுக்குடன் அகற்றிவிடும். சருகின் ஈரம் என்றது இதைத்தான். லித் டெவலப்பரில் ஃபார்மால்டிஹைடு சேர்ந்திருப்பதால் சல்ஃபைட்டின் பெரும்பகுதி கட்டுண்டு கிடக்கும். கரைசலில் சும்மா திரியும் சல்ஃபைட் மிகக் குறைவு. அதனால் செமிகுவினோன் அங்கேயே தங்கி, பக்கத்து மணியை வேகமாக டெவலப் செய்கிறது. அங்கே இன்னும் செமிகுவினோன் உண்டாகிறது. இந்தத் தொடர்வினைக்குத் தொற்று டெவலப்மென்ட் என்று பெயர்.

நிறத்துக்கும் காரணம் இதே வினைதான். தொற்று இன்னும் பிடிக்காத வெளிச்சப் பகுதிகளில் வெள்ளி மணிகள் மிக நுண்ணியவை. நுண்ணிய வெள்ளி ஒளியைச் சிதறடிக்கும் விதத்தால் மஞ்சள், சிவப்பு, பழுப்பு சார்ந்த நிறங்கள் தெரிகின்றன. தொற்று முழுதாகப் பிடித்த நிழல் பகுதியில் மணிகள் பெரிதாக வளர்ந்துவிட்டன. அங்கே வெறும் கறுப்புதான், கூடவே கரகரப்பு.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: லித் டெவலப்பரில் கறுப்பு தன்னைத் தானே வேகப்படுத்திக்கொள்கிறது. வேகம் பிடித்த இடம் பெருமணிக் கறுப்பு. பிடிக்காத இடம் நுண்மணி நிறம். நாம் நடுவில் நிறுத்துவதால் இரண்டும் ஒரே தாளில் நிற்கின்றன.

எக்ஸ்போஷர் ஒரு பக்கம், எடுக்கும் நொடி இன்னொரு பக்கம்

சாதாரண பிரிண்ட் ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் முழுதாக வந்து நின்றுவிடும். அதற்கு மேல் டிரேயில் கிடந்தாலும் பெரிய மாற்றம் இருக்காது. லித் பிரிண்ட் தானாக நிற்காது. விட்டால் கறுப்பு எல்லாவற்றையும் விழுங்கிவிடும். எங்கே நிறுத்துவது என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும். நிழல் நாம் விரும்பும் கறுப்புக்கு வந்து, பேப்பரை டெவலப்பரிலிருந்து சட்டென்று எடுக்க வேண்டிய அந்த நொடியை ஸ்நாட்ச் பாயிண்ட் என்பார்கள்.

ஆகவே நிழலின் அடர்த்தியைத் தீர்மானிப்பது எடுக்கும் நொடி. அப்படியானால் வெளிச்சப் பகுதிகளைத் தீர்மானிப்பது எது? எக்ஸ்போஷர். நிழலில் தொற்று வெடிப்பதற்குள் வெளிச்சப் பகுதிகள் எவ்வளவு தூரம் வந்து சேர்கின்றனவோ அவ்வளவுதான் அவற்றுக்கு விவரம். அவற்றுக்கு முன்கூட்டியே போதிய வெளிச்சம் கொடுத்திருந்தால்தான் அந்த அவகாசத்தில் அவை வந்து சேரும். இரண்டு, மூன்று ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் கொடுப்பதன் காரணம் இதுதான். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சத்தை இரட்டிப்பது.

கணக்கு எளிது. சாதாரணப் பிரிண்டுக்கு லென்ஸ் திறப்பு எஃப் 8இல் 10 விநாடி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஸ்டாப் கூட்டினால் 40 விநாடி, மூன்று கூட்டினால் 80 விநாடி. அவ்வளவு நேரம் நிற்க வேண்டாம் என்றால் லென்ஸை எஃப் 4க்குத் திறந்துவிடுங்கள். 10 விநாடியிலேயே இரண்டு ஸ்டாப், 20 விநாடியில் மூன்று.

இங்கே பலருக்கும் குழப்பம் வருகிறது. "இவ்வளவு வெளிச்சம் கொடுத்தால் படம் கருத்துவிடாதா?" என்று கேட்பார்கள். முழுதாக டெவலப் செய்தால் கருத்துத்தான் போகும். நாம்தான் பாதியில் எடுத்துவிடுகிறோமே. எக்ஸ்போஷரைக் கூட்டி நிழல் அதே கறுப்பில் இருக்கும்போது எடுத்தால் படம் மென்மையாகும், இடைநிறங்கள் பெருகும், நிறமும் கூடும். குறைத்தால் படம் கடினமாகும், வெளிச்சப் பகுதிகள் வெறுமையாகிவிடும். சாதாரணப் பிரிண்டில் ஃபில்டரை மாற்றிச் செய்யும் கான்ட்ராஸ்ட் வேலையை லித்தில் பெரும்பாலும் எக்ஸ்போஷர்தான் செய்கிறது. ஃபில்டருக்கு இங்கே சின்னப் பங்கு உண்டு, ஆனால் தொடங்குபவர் அதைத் தொடவே வேண்டாம்.

வெளிச்சப் பகுதி சரியில்லை என்றால் என்லார்ஜருக்குப் போங்கள். நிழல் சரியில்லை என்றால் டிரேயில் எடுக்கும் நொடியை மாற்றுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் என்ன ஆனது என்பது தெரியாமல் போகும். லித்தை அதிர்ஷ்டம் என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் இதைத்தான் செய்கிறார்கள் என்பது என் கணிப்பு.

வீட்டில் என்னென்ன வேண்டும்

பேப்பர்தான் முதல் கேள்வி. எல்லாப் பேப்பரும் லித்துக்கு இணங்காது. பூச்சிலேயே டெவலப்பர் சேர்த்துச் செய்யப்பட்ட பேப்பர்களில் தொற்று வினைக்கு இடமே இல்லை. சாதாரணச் சாம்பல் படம்தான் வரும். செக் நாட்டில் ஹ்ராடெட்ஸ் க்ராலவே நகரில் தயாராகும் ஃபோமா நிறுவனத்தின் ஃபோமாடோன் 131, 132 என்ற வெதுநிறப் பேப்பர்கள் லித்துக்கு நன்றாக இணங்குபவை என்று பெயர் பெற்றவை. முதல் பாக்கெட்டை இப்படி நிச்சயமான பேப்பராக வாங்குங்கள். யாரோ கொடுத்த பழைய பேப்பரில் அருமையான படம் வரலாம். ஆனால் படம் வராமல் போனால் தவறு பேப்பரிலா உங்களிடமா என்று கற்றுக்கொள்ளும் காலத்தில் கண்டுபிடிக்க முடியாது.

டெவலப்பர் ஏ, பி என்று இரண்டு பாட்டிலாக வரும். ஏயில் ஹைட்ரோகுவினோன், பியில் காரம். கலந்ததும் ஆயுள் சில மணி நேரம்தான், அதனால் வேலை தொடங்கும்போதுதான் கலக்க வேண்டும். தண்ணீர் அளவுக்குப் பாட்டிலில் போட்டிருப்பதைப் பின்பற்றுங்கள். ஏ 30 மி.லி., பி 30 மி.லி., தண்ணீர் 940 மி.லி. என்பது நடுத்தரமான தொடக்கம். தண்ணீர் கூடினால் நேரம் நீளும், நிறம் கூடும். 8க்கு 10 அங்குலப் பேப்பருக்குக் குறைந்தது ஒரு லிட்டர் கரைசலாவது டிரேயில் இருக்கட்டும். இவ்வளவு மெல்லிய கரைசல் சீக்கிரம் சோர்ந்துவிடும் என்பதால் அளவில் கஞ்சத்தனம் கூடாது.

ஃபார்மால்டிஹைடின் வாடை மூக்கையும் கண்ணையும் எரிக்கும். உடலுக்கும் அது கெடுதல். பியில் இருக்கும் காரம் தோலை அரிக்கும். குளியலறையை இருட்டறையாக்கிக்கொள்பவர்கள் எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கையுறை போடுங்கள், இடுக்கியைப் பயன்படுத்துங்கள். அளக்கும் குவளை மறுபடி சமையலறைப் பக்கம் போகக் கூடாது.

இருட்டறையில் எரியும் சிவப்பு விளக்கைச் சோதித்துக்கொள்வது அவசியம். சாதாரணப் பிரிண்டுக்கு அது இரண்டு நிமிடம் பேப்பரைக் கெடுக்காமல் இருந்தால் போதும். லித்தில் பேப்பர் இருபது நிமிடம்கூட அதன் கீழே கிடக்கும். சோதனைக்குப் பேப்பர் துண்டு ஒன்றுக்கு முதலில் என்லார்ஜரில் லேசான வெளிச்சம் கொடுங்கள். டெவலப் செய்தால் இளஞ்சாம்பலாக வரும் அளவு போதும். பிறகு அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்து, சிவப்பு விளக்கின் கீழே அரை மணி நேரம் விட்டுச் சாதாரண டெவலப்பரில் டெவலப் செய்யுங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் விளக்கைத் தள்ளி வையுங்கள் அல்லது மங்கலாக்குங்கள்.

வெப்பநிலை 20 டிகிரியாகவும் இருக்கலாம், 35 ஆகவும் இருக்கலாம். கூடினால் வினை வேகமாகும். வேகத்துக்காகவே கரைசலைச் சூடாக்கிக்கொள்பவர்கள் உண்டு. சென்னையில் கோடையில் குழாய்த் தண்ணீரே 30ஐத் தாண்டும் என்பதால் நமக்கு அந்த வேலை மிச்சம். எந்த வெப்பநிலையில் தொடங்கினீர்களோ அதிலேயே கடைசிவரை இருப்பதுதான் முக்கியம்.

ஒரு பிரிண்டைப் பின்தொடர்வோம்

பேப்பரை ஒரே வீச்சில் முழுதாக மூழ்க வையுங்கள். டிரேயை நிதானமாக, நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். ஆட்டம் சீராக இல்லாவிட்டால் வானம் போன்ற பகுதிகளில் பட்டை விழும்.

முதல் சில நிமிடங்களில் மங்கலான ஓர் உருவம் வரும். பிறகு வெகுநேரம் படம் நகராதது போலத் தோன்றும். இந்த நேரத்தில்தான் பொறுமை இழந்து கரைசலைச் சந்தேகிக்கத் தோன்றும். விட்டுவிடுங்கள். சருகு உள்ளே புகைந்துகொண்டிருக்கிறது. மொத்தம் ஆறு நிமிடமும் ஆகலாம், இருபதும் ஆகலாம். தண்ணீர் அளவு, சூடு, பேப்பர், கரைசல் எவ்வளவு உழைத்துவிட்டது என்பவற்றைப் பொறுத்தது அது.

பிறகு ஆழமான நிழல்களில் கறுப்பு முளைக்கும். முளைத்தபின் ஒவ்வொரு பத்து விநாடியும் கணக்கு. படத்தில் முக்கியமான ஒரு நிழலை, தலைமுடியோ கதவிடுக்கோ, முன்பே தேர்ந்து வைத்துக்கொண்டு அதை மட்டும் பாருங்கள். வெளிச்சப் பகுதிகளைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மஞ்சளும் இளஞ்சிவப்பும் சிவப்பு விளக்கில் வெள்ளையாகத்தான் தெரியும். அங்கே ஒன்றுமே இல்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் விட்டுவைத்தால் நிழல் கைமீறிவிடும்.

வேண்டிய கறுப்புக்குச் சற்று முன்னதாகவே எடுங்கள். பேப்பரில் ஊறிய டெவலப்பர், தூக்கி வடியவிடும் நேரத்திலும் வேலை செய்துகொண்டிருக்கும். உடனே டெவலப் ஆவதை நிறுத்தும் ஸ்டாப் பாத்தில் போட்டு நன்றாக ஆட்டுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 முதல் 20 கிராம் சிட்ரிக் அமிலம் போட்டால் நல்ல ஸ்டாப் பாத். அதன்பின் படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ. அதில் படம் வெளிறுவது போலத் தெரியும், நிறமும் மாறும். பயப்பட வேண்டாம். ஆனால் ராபிட் ஃபிக்ஸர் என்ற வேகமான வகையில் தேவைக்கு மேல் போட்டு வைத்தால் அந்த நுண்ணிய வெள்ளியை அது உண்மையாகவே கரைத்துவிடும்.

கடிகாரம் இங்கே தோராயமான துணைதான். முதல் பிரிண்ட் எட்டு நிமிடத்தில் வந்தது என்று அடுத்ததையும் எட்டு நிமிடத்தில் எடுத்தால் வெளிறிய படம் கிடைக்கும். ஒவ்வொரு பிரிண்டும் ஹைட்ரோகுவினோனைச் செலவழிக்கிறது, கூடவே வினையைத் தடுக்கும் புரோமைடைக் கரைசலில் விடுகிறது. ஆகவே நேரம் நீண்டுகொண்டே போகும். நேரத்தைப் பின்பற்றாமல் கறுப்பைப் பின்பற்றுங்கள். அப்போது ஒரே மாதிரியான இரண்டு பிரிண்டைக் கிட்டத்தட்ட எடுத்துவிட முடியும்.

முதல் நாளில் வரும் சிக்கல்கள்

புத்தம்புதுக் கரைசலில் முதல் பிரிண்ட் நிறமில்லாமல் சப்பென்று இருக்கும். பிரிண்ட் போடப் போட நிறம் ஏறும். பிறகு ஒரு கட்டத்தில் கரைசல் களைத்து, கறுப்பே பிடிக்காமல் போகும். அனுபவசாலிகள் வேலை முடிந்ததும் பழுப்பேறிய பழைய கரைசலில் கொஞ்சத்தை எடுத்துவைத்து, அடுத்த முறை புதுக் கரைசலில் கலப்பார்கள். ஓல்டு பிரவுன் என்று அதற்குப் பெயர். மொத்தத்தில் கால் பங்கு சேர்த்தால் முதல் பிரிண்டிலேயே நிறம் வரத் தொடங்கும்.

படமெங்கும் கறுப்புப் பொடிப் புள்ளிகள் விழுந்தால் அது பெப்பர் ஃபாக். வெளிச்சம் படாத மணிகளில்கூட ஆங்காங்கே தொற்று தானாகத் தொடங்கிவிட்டது என்று பொருள். மருந்து எது என்று இந்நேரம் உங்களுக்கே தெரிந்திருக்கும்: கொஞ்சம் ஈரம். 10 சதவீத சோடியம் சல்ஃபைட் கரைசலைச் சில மி.லி. டெவலப்பரில் சேர்த்துப் பாருங்கள். நிறையச் சேர்த்தால் தொற்றே அணைந்து சாதாரணப் பிரிண்ட் ஆகிவிடும். ஓல்டு பிரவுன் சேர்ப்பதும் பெரும்பாலும் இதைக் குறைக்கும்.

முதல் நாளுக்கு ஒரே ஒரு நெகட்டிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆழமான நிழலும் விவரமுள்ள வெளிச்சமும் அதில் இருக்கட்டும். இரண்டு, மூன்று, நாலு ஸ்டாப் என்று மூன்று பேப்பரில் எக்ஸ்போஷர் கொடுத்து, மூன்றிலும் அதே நிழல் அதே கறுப்புக்கு வரும்போது எடுங்கள். ஒரே பேப்பரில் பட்டை பட்டையாக டெஸ்ட் ஸ்ட்ரிப் போடுவது இங்கே ஏமாற்றும், ஏனென்றால் ஒவ்வொரு பட்டைக்கும் எடுக்கும் நொடி வேறு. ஒவ்வொன்றின் பின்னாலும் எக்ஸ்போஷர், கரைசல் அளவு, சூடு, எடுத்த நேரம் நாலையும் பென்சிலால் எழுதிவிடுங்கள். மூன்றையும் முழுதாகக் காயவைத்து, மறுநாள் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பாருங்கள். ஈரத்தில் பார்த்த நிறமும் அடர்த்தியும் காய்ந்தபின் மாறிவிடும் என்பதால் எந்த எக்ஸ்போஷர் உங்களுக்குப் பிடிக்கிறது என்பதை அதற்கு முன் முடிவு செய்யாதீர்கள்.